மதினி வீட்டுப் பிரைட்னஸ்

என் கணவரின் அக்காவை நான் ஒருமுறை பழிவாங்கியிருக்கிறேன். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் பிடித்தது. அவர்கள் வீட்டு டிவிடி பிளேயரின் ரிமோட்டை வைத்துத்தான் செய்தேன். சொன்னால் முதலில் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வருவதில்லை.

அப்போது நாங்கள் தில்லியில் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. அவருடைய அக்கா, நடந்து போகிற தூரத்தில், சரோஜினி நகரில் இருந்தார். அக்காவின் கணவர் அதிகாரி. அதனால் குவார்ட்டர்ஸும் பெரிது, முன்னால் தோட்டம் போட இடமும் உண்டு. திருநெல்வேலிப் பக்க வழக்கப்படி கணவரின் அக்கா எனக்கு மதினி. அவர் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

மதினி நல்ல சிவப்பு. அந்தக் குடும்பத்தில் அது ஒரு சொத்து மாதிரி. யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் காதின் பின்புறத்தை மடக்கிப் பார்ப்பார்கள், நிறம் எப்படி வரும் என்று. நான் கறுப்பு. பெருந்தன்மையாக மாநிறம் என்று சொல்லிவிடக்கூடிய கறுப்பு இல்லை. வெயிலில் நின்றால் நெற்றி பளபளக்கிற கறுப்பு. என் மகளும் அப்படியே என்னைக் கொண்டு பிறந்தாள். அவள் காதை மடக்கிப் பார்த்துவிட்டு மதினி, "ம்ம்" என்று மட்டும் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தேன். டிவியின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டு எது எங்கே போகிறது என்று சொல்லத் தெரியும். தில்லி வந்தபின் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மதினிக்கு நான் நன்றாக ரசம் வைப்பேன் என்பதுதான் தெரியும்.

கொழுந்தனுக்கு மாசி மாதம் ஊரில் கல்யாணம் நடந்தது. சித்திரையில் அதன் வீடியோ டிஸ்க் கொரியரில் மதினி வீட்டுக்கு வந்தது. அந்த வட்டாரத்தில் அப்போது டிவிடி பிளேயர் இருந்த தமிழ் வீடு அது ஒன்றுதான். அண்ணன் அலுவலக வேலையாகச் சிங்கப்பூர் போனபோது வாங்கிவந்தது. டிவிக்கு மேலே, மதினியே பின்னிய குரோஷா உறை போட்டு, பூஜை சாமான் மாதிரி வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பார்க்க உட்கார்ந்தோம். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகளை இழுத்து ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். மதினியின் இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்று, மாடியிலிருந்து ஒரு பஞ்சாபி அம்மாள், நாங்கள் மூன்று பேர். பதினோரு பேர் இருந்திருப்போம்.

வரவேற்புக் காட்சி வந்தது. மேடையில் மாப்பிள்ளை, பெண், மதினி. நான் மேடையின் ஓரத்தில், வீடியோக்காரரின் விளக்கு எட்டாத இடத்தில் நின்றிருந்தேன். மாம்பழ மஞ்சள் பட்டு கட்டியிருந்தேன். திரையில் அந்த மஞ்சள் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மதினி அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "பிரைட்னஸைக் கூட்டுங்க. சேலை மட்டும் தனியா நிக்கி. உள்ள ஆள் இருக்காளான்னு பாப்போம்."

ஹாலே சிரித்தது. அண்ணன் ரிமோட்டை எடுத்து, "அது எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்" என்று எதையோ அழுத்தினார். மொழிப் பட்டியல் ஒன்று வந்து போயிற்று. அதற்கும் சிரித்தார்கள். பஞ்சாபி அம்மாளுக்கு மதினியின் மகள் இந்தியில் விளக்கிச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு சுற்று தாமதமாகச் சிரித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரும் சிரித்தார். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் பல் தெரியச் சிரித்தார்.

என் மடியில் இருந்த மகளுக்கு அப்போது ஆறு வயது. அவள் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, "மம்மி, ஆப் கஹாங் ஹோ?" என்று கேட்டாள். அம்மா, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று. அதற்குத்தான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தது.

நானும் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. சிரித்துவிட்டு, எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன், உங்கள் அக்கா சொன்னது சரியா என்று. அக்கா விளையாட்டுக்குச் சொன்னது, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். பேப்பரை விரித்துக்கொண்டார். அதோடு முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். ஒருவேளை எனக்கும் அங்கேயே முடிந்திருக்கலாம். மகளால்தான் முடியவில்லை.

ஜூலையில் பள்ளி திறந்தபின் ஒருநாள் சாயங்காலம் அவளைக் காணோம் என்று தேடினேன். குளியலறையில், வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறிக் கண்ணாடி முன் நின்றிருந்தாள். பவுடர் டப்பா பாதி காலி. முகம், கழுத்து, காது, இரண்டு கைகள், எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தன. கண்ணிமை மேல் பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. என்னடி இது என்றேன்.

"கல் கிளாஸ் போட்டோ ஹை, மம்மி," என்றாள். நாளைக்கு வகுப்புப் போட்டோ. "நான் தெரியணும் நா."

அவளைத் திட்டவில்லை. முகத்தைக் கழுவிவிட்டேன். தண்ணீர் வெள்ளையாக ஓடிக் குழியில் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று நன்றாகக் குளிர்ந்துபோனது. கோபம் என்றால் சூடாக இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. ஐஸ் டப்பாவைத் தொட்ட விரல் மாதிரி இருந்தது.

ஆவணியில் மதினி குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போனார், திருச்செந்தூரில் ஒரு நேர்த்திக்கடன். துளசிக்கும் ரோஜாவுக்கும் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காலை பத்து மணிக்குப் போவேன். முதல் நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஹாலுக்குள் வந்தேன். டிவி ஸ்டாண்டின் இழுப்பறையைத் திறந்தேன். பிளேயரோடு வந்த கையேடு பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

உறையை ஓரமாகப் பிரித்து, தரையில் உட்கார்ந்து வாசித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் முழுதாக வாசித்த முதல் புத்தகம் அதுதான் என்று நினைக்கிறேன். ஸெட்டப் பொத்தானை அழுத்தினால் நாலைந்து பக்கங்கள் வரும். அதில் வீடியோ பக்கத்துக்குள் போனால் பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், ஹ்யூ, சாச்சுரேஷன் என்று நான்கு கோடுகள். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஒரு சின்னக் கட்டம், அம்புக்குறியை அழுத்தினால் இடமும் வலமும் நகரும். மற்றப் பக்கங்களை டிஸ்க் ஓடும்போது திறக்க முடியாது. இந்த ஒன்றைத் திறக்கலாம். படம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

கொழுந்தன் கல்யாண டிஸ்க்கைப் போட்டு, வரவேற்புக் காட்சிக்கு ஓட்டி நிறுத்தினேன். முதலில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மஞ்சள் சேலைக்குள் ஆள் இருக்கிறாளா என்று நானே பார்க்க வேண்டும்.

பிரைட்னஸை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். மூன்றாவது படியில் காது தோடு வந்தது. ஐந்தில் கன்னம். எட்டில் முகம் முழுதாக வந்துவிட்டது. நான்தான். நன்றாகத்தான் இருந்தேன். ஆனால் களைத்திருந்தேன், ஏன் அந்த இருட்டு மூலையில் நின்றேன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என் இடது கையில் மதினியின் கைப்பை, அவர் மகளின் துப்பட்டா, ஒரு தண்ணீர் பாட்டில். மேடையில் அசிங்கமாகத் தெரியும், நீ ஓரமாக நின்று வைத்துக்கொள் என்று மதினிதான் சொல்லியிருந்தார். மறந்தே போயிருந்தேன்.

அப்போதுதான் கண் மேடையின் நடுவுக்குப் போனது. அங்கே மதினி இல்லை. அரக்குப் பட்டு இருந்தது, நகை இருந்தது. முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் தட்டு ஒன்று. அதில் பொட்டும் புருவமும் உதடும் மட்டும் மிதந்தன. மூக்கு இல்லை. விளக்கின் நேர் வெளிச்சத்தில் நின்ற சிவப்பு முகம், இன்னும் எட்டுப் படி வெளிச்சத்தைத் தாங்கவில்லை. இருட்டில் நின்ற நான் தாங்கினேன்.

வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு, கையேட்டை உறைக்குள் போட்டு, வீட்டைப் பூட்டினேன். மீதி ஒன்பது நாளும் போனேன். செடிகள் நன்றாகத் தழைத்தன. கடைசி நாளில் திரையைப் பார்க்காமலே எத்தனை அழுத்தலில் எங்கே போகலாம் என்று என் கட்டைவிரலுக்குத் தெரிந்திருந்தது. கான்ட்ராஸ்ட்டையும் நான்கு படி ஏற்றினால் உதடும் போய்விடும் என்பதையும் கண்டுபிடித்திருந்தேன்.

அந்தக் கார்த்திகையில் மதினிக்கும் அண்ணனுக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள். சமூகக் கூடத்தில் பெரிதாகச் செய்தார்கள். தில்லி வீடியோக்காரர் ஒருவர் பெரிய விளக்கோடு வந்தார். அண்ணனின் அம்மா ஊரிலிருந்து வந்து, மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அன்று யார் கைப்பையையும் வாங்கவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடியோக்காரர் எங்கெங்கே போகிறாரோ அதற்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி விழுகிற இடமாகப் பார்த்து நின்றேன். அண்ணனின் அம்மா ஊருக்குத் திரும்பிய ஒன்றரை மாதத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அண்ணன் ஊருக்குப் போய்க் காரியங்கள் முடித்துவிட்டு வந்தார். வீடியோக்காரர் இழுத்தடித்து, டிஸ்க் பங்குனியில்தான் கைக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் பார்க்கலாம், அதுவரை நானும் பார்க்கப் போவதில்லை என்று மதினி போனில் சொன்னார். பதினைந்து பேருக்கு மேல் டிபன் வேண்டும், நீ முன்னாலேயே வந்துவிடு என்றார். வந்துவிடுகிறேன் மதினி என்றேன்.

போய், போண்டாவுக்கு மாவு கரைத்து வைத்தேன். மதினி புடவை மாற்றப் போனார். அண்ணன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் மாடியில். கை துடைத்துவிட்டு ஹாலுக்கு வந்து பிளேயரைப் போட்டேன். பிரைட்னஸ் எட்டு, கான்ட்ராஸ்ட் நான்கு. முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டிவியில் கேபிள் சேனல்கள் வழக்கம்போலத்தான் தெரியும். பிளேயரில் டிஸ்க் ஓடினால் மட்டும்தான் மாற்றம். திரும்ப வந்து எண்ணெய்ச் சட்டியை வைத்தேன்.

நான்கு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். போன வருடம் இருந்த அதே ஆட்கள், கூட அண்ணனின் அலுவலகத்திலிருந்து இரண்டு குடும்பம். மதினி நடு சோபாவில். டிஸ்க் ஓடத் தொடங்கியது.

கூடத்தின் வாசலில் ரோஜா மாலையோடு தம்பதி நுழைந்தார்கள். அண்ணன் ஓரளவுக்குத் தெரிந்தார். மதினி கழுத்துவரை இருந்தார். அதற்கு மேல் வெள்ளை.

விளக்கு நேராக விழுந்திருக்கும், அடுத்த காட்சியில் சரியாகும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்த காட்சியில் பொட்டு மட்டும் கூடத்தில் உலவியது. மதினியின் மகன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்தான். மதினி வீடியோக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். அண்ணன் எழுந்து, டிவியின் கீழே இருந்த சின்ன மூடியைத் திறந்து எதையோ திருகினார். படம் சாம்பல் நிறமானது; மதினியின் முகமும் சாம்பல் தட்டானது. பிளேயரே வெள்ளையடித்து அனுப்பிய முகத்தில் டிவியால் மூக்கை வரைய முடியாது. அது எனக்குத் தெரியும். அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் திருகியதைத் திரும்பப் பழையபடி வைத்தார்.

அப்போது நானும் மகளும் திரையில் வந்தோம். ஒவ்வொரு மயிரும் தெரிகிற மாதிரி, தெளிவாக. மகள் என்னை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்கிறாள், நான் குனிந்து கேட்கிறேன். மாடிப் பஞ்சாபி அம்மாள் முன்னால் சாய்ந்து, "யே கௌன் ஹை? கித்னீ ப்யாரி லக் ரஹீ ஹை," என்றார். இது யார், எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று. என்னை ஏழு வருடமாகத் தெரிந்தவர் அவர்.

மதினியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், டிவியை அல்ல. இதற்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

பிறகு மேடையில் நாற்காலி வந்தது.

வெள்ளை முடி, வெளுத்த முகம், வெள்ளை நூல் சேலை. நாற்காலியில் யாரும் இல்லை. ஒரு வெள்ளைப் புகை உட்கார்ந்திருந்தது. அதன் பாதத்தில் மதினியும் அண்ணனும் விழுந்து எழுந்தார்கள்.

அண்ணன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். முட்டிபோட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அம்மா எங்க?" என்றார். யாரிடமும் கேட்கவில்லை. பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, "இத யாருக்காவது சரி பண்ணத் தெரியுமா?" என்றார். அதையே இந்தியிலும் கேட்டார்.

அந்த அம்மாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஒரு வருடமாக ஒவ்வொரு படியையும் எண்ணி வைத்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் இன்னொரு சிவப்பு முகம் உண்டு, அது இப்போது உயிரோடு இல்லை என்பது என் கணக்கிலேயே வரவில்லை. அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அன்று ரிமோட்டை எடுத்தார், அவ்வளவுதான்.

டீப்பாயில் கிடந்த ரிமோட்டை எடுத்தேன். படத்தை நிறுத்தினேன். ஸெட்டப், வீடியோ, கீழே, இடது, இடது, இடது. புகைக்குள்ளிருந்து அவர் வந்தார். முதலில் கண் குழிகள். பிறகு கன்னத்துச் சுருக்கம். பிறகு பல் இல்லாத வாய்; சிரித்துக்கொண்டிருந்தார். மோவாயில் கேக் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணன் அதைத் துடைப்பதுபோல் திரையில் விரலை வைத்தார்.

இரண்டு மூன்று நிமிடம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். கடைசியில் அவர், "போதும்மா, போடு," என்றார். போட்டேன். அந்த அம்மா திருநீறு பூசினார், கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார், இரண்டு பேர் சேர்ந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுபோனார்கள்.

அடுத்த காட்சியில் மேடை நடுவில் மதினி தனியாக நின்றார். மூக்கு, கண், மூக்குத்தி எல்லாம் தெளிவாக. மதினி மூச்சை விட்டார். "இப்பத்தான் மனுசங்க மாதிரி இருக்கு," என்றார்.

அப்படியே விட்டிருக்கலாம். நிறையப் பேர் விட்டிருப்பார்கள். நான் மறுபடியும் ஸெட்டப்பை அழுத்தினேன். திரையின் அடியில் கோடு வந்தது, எல்லோரும் பார்க்க. வலது அம்பை அழுத்தினேன். சின்னக் கட்டம் ஒரு படி நகர்ந்தது. இன்னொரு படி. அவசரப்படவில்லை. மதினியின் மூக்குத்தி போயிற்று, மூக்கு போயிற்று, கன்னங்கள் போயின. எட்டுக்கு வந்ததும் நிறுத்தி, ரிமோட்டை டீப்பாயில் வைத்துவிட்டு, காலியான போண்டா தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், அடுத்த ஈட்டுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.

மதினி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"ஏட்டி, வேணும்னே பண்ணுனியா?"

"ஆமா மதினி."

"நான் உனக்கு என்ன பண்ணேன்?"

அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே, வார்த்தை மாறாமல் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடிக்கவில்லை, உண்மையிலேயே யோசித்தார். அவருக்கு நினைவே இல்லை. நான் ஒரு வருடம் சுமந்தது அவரிடமிருந்து எந்தத் தடயமும் இல்லாமல் போயிருந்தது. அது எனக்கு முதல் நாள் சிரிப்பைவிட அதிகமாக எரிந்தது.

"அப்படியே சொல்லியிருந்தாலும்," என்றார் மதினி, "இதுக்கா இத்தன பேரு முன்னால?"

"அன்னைக்கும் இத்தன பேரு இருந்தாங்க. பத்து நிமிசம் மூஞ்சியக் காணலன்னதும் உங்களுக்கு வேர்த்துப்போச்சு. எம்மவ ஒரு வருசமா பவுடர் டப்பாவ விட மாட்டேங்கா."

அடுப்பில் எண்ணெய் புகைந்தது. மதினி கையை நீட்டி அடுப்பை அணைத்தார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மீதி டிஸ்க்கை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரியாது.

என் கணவர் பின்னால் ஓடிவந்து மார்க்கெட்டைத் தாண்டியதும் சேர்ந்துகொண்டார். மகள் முன்னால் குதித்துக் குதித்துப் போனாள். என் அக்காவை இப்படி அவமானப்படுத்திவிட்டாயே என்றார். இனிமேல் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார்.

"அன்னைக்கு நீங்க சிரிச்சீங்க," என்றேன்.

தான் சிரிக்கவில்லை என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் சிரித்ததை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும், அது போதும். அதற்குப் பிறகு ஒரு மாதம் வீட்டில் உப்பு, பால், கரண்ட் பில் என்று மட்டும் பேசினோம். அவர் தானாக வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் அவருடைய நண்பர் வீட்டில், யாரோ எங்கள் மகளைப் பார்த்து, "அம்மா கலரு" என்று இழுத்தபோது, "அதுக்கென்ன?" என்று அவர் கேட்ட விதத்தில் அந்த ஆள் பேச்சை மாற்றினார். வீட்டுக்கு வந்ததும் நான் அவருக்குப் பிடித்த வத்தல் குழம்பு வைத்தேன்.

இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. ஆறேழு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணன் மட்டும் வந்தார். தண்ணீர் குடித்தார். பிளேயரில் அம்மா முகம் தெரிகிற மாதிரி எப்படி வைப்பது என்று கேட்டார். அழுத்த வேண்டிய பொத்தான்களை வரிசையாக, தமிழில், ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான் அவருக்குச் செய்ததற்கு வருத்தம் சொன்னேன். அவருக்கு மட்டும்தான் சொன்னேன், அதையும் தெளிவாகவே சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நானும் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாதும்மா," என்றார்.

மகளின் பவுடர் அதனால் நின்றுவிடவில்லை. பழிவாங்கினால் குழந்தை சரியாகிவிடுவாள் என்று நான் எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. அவள் பத்து வயதுவரை பூசினாள். பிறகு ஒருநாள் அவளாகவே விட்டாள். ஏன் விட்டாள் என்று கேட்டதில்லை.

நான்கு வருடம் கழித்துத் திருநெல்வேலியில் இன்னொரு கல்யாணம். குடும்பப் படத்துக்கு எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மதினியும் நானும் அதற்குள் பேசத் தொடங்கியிருந்தோம். வந்தியா, சாப்பிட்டியா, அவ்வளவு. நெரிசலில் அவர் என் பக்கத்தில் வந்து நிற்கும்படி ஆகிவிட்டது. வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். மதினி விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், நான் அந்தப் பக்கம் போறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு, வரிசையின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார். அன்று பந்தியில் நான் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.